தொடக்கம் தெரியாத புற்றுநோய்க்கு 92 மரபணுச் சோதனை: திசு அனுப்பிப் பார்த்த ஒரு மருத்துவரின் மதிப்பீடு

கல்லீரலிலிருந்தோ எலும்பிலிருந்தோ கழுத்து நெறிக்கட்டியிலிருந்தோ எடுத்த பயாப்சித் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, ‘இது வேறோர் உறுப்பிலிருந்து பரவி வந்த புற்று, எங்கிருந்து வந்தது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடும் வேலை என்னுடையது. நான் திசுநோயியல் மருத்துவர். அந்த வரியை எழுதும்போது எனக்கு ஏற்படும் மனவருத்தம், அதை வாசிக்கும் குடும்பத்தாருக்கு ஏற்படுவதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நோய் உறுதியாகிவிட்டது, ஆனால் அதற்குப் பெயர் இல்லை என்ற நிலையில் அவர்கள் எங்கள் அறைக்கு வந்து, ‘எந்த உறுப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மரபணுச் சோதனை இருக்கிறதாமே, செய்யலாமா?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு, நோயாளிகளின் திசுவை அனுப்பி, வந்த அறிக்கைகளைப் புற்றுநோய் மருத்துவர்களோடு உட்கார்ந்து வாசித்த அனுபவத்தைக் கொண்டும், வெளியான ஆய்வுகளைக் கொண்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

தொடக்க உறுப்பு தெரியாத புற்றுநோய், மொத்தப் புற்றுநோய்களில் 100க்கு 2 முதல் 5 வரை. புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் உறுப்பின் பெயரால் வகுக்கப்பட்டவை என்பதால், பெயர் தெரியாதவருக்குப் பலவகைக் கட்டிகளிலும் ஓரளவு வேலை செய்யக்கூடிய பொதுவான கீமோவை, பெரும்பாலும் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும் சேர்த்து, கொடுப்பது நெடுநாள் வழக்கம். இப்படிப்பட்ட நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல், மருந்துக்கு எளிதில் இணங்காத கடினமான பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பாதிப்பேர் ஓராண்டைக் கடப்பதில்லை. இறந்தபின் உடற்கூறாய்வு செய்து பார்த்த பழைய ஆய்வுகளில், ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தொடக்கக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. நுரையீரலும் கணையமும் அந்தப் பட்டியலில் முதலிடங்களில் இருந்தன. மிகச் சிறியதாக, ஸ்கேனில் படாத இடத்தில் அந்தக் கட்டி இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அதை அறிய முடிந்தால் மருத்துவம் மாறுமே என்ற ஆசையிலிருந்துதான் இந்தச் சோதனைகள் பிறந்தன.

நான் முதன்மையாக மதிப்பிடுவது கேன்சர்டைப் ஐடி என்ற சோதனையை. அமெரிக்காவின் சான் டியேகோவில் பயோதெரனோஸ்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2021இல் ஹோலோஜிக் வாங்கியது. இதன் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. உடலின் எல்லா உயிரணுக்களிலும் மரபணுக்கள் ஒன்றே. எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதில்தான் கல்லீரலும் மார்பகமும் சிறுநீரகமும் வேறுபடுகின்றன. ஓர் உயிரணு புற்றாக மாறி வேறிடம் போய்க் குடியேறிய பிறகும் இந்த விழிப்பு உறக்க வரிசை முழுவதும் அழிவதில்லை. திருநெல்வேலிக்காரர் சென்னையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவர் பேச்சு ஊரைக் காட்டிக்கொடுப்பது போலத்தான் இது. அந்தப் பேச்சைக் கேட்க இந்தச் சோதனை 92 மரபணுக்களை ஆர்டி-பிசிஆர் முறையில் அளக்கிறது. கொரோனா காலத்தில் மூக்குச் சளியில் செய்த சோதனையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். 92இல் 87 கட்டிகளை வேறுபடுத்துவதற்கானவை, 5 அளவைச் சரிபார்ப்பதற்கானவை. கிடைத்த அளவுகளை, தொடக்கம் தெரிந்த 2,000க்கும் மேற்பட்ட கட்டிகளின் அளவுகளோடு கணினி ஒப்பிட்டு, 50 வகை, உள்வகைகளில் எதற்கு மிக நெருக்கம் என்று சொல்கிறது.

அறிக்கை அமைந்திருக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே பெயரை எழுதி முடித்துவிடாமல், முதல் பெயருக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு, அடுத்ததற்கு எத்தனை, எந்தெந்த உறுப்புகளை ஏறக்குறைய உறுதியாக விலக்கிவிடலாம் என்று தனித்தனியாகத் தருகிறது. இந்த விலக்கப்பட்டவற்றின் பட்டியலைக் குடும்பத்தார் பார்ப்பதே இல்லை. எனக்கோ பல சமயம் அதுவே அதிகப் பயன் தந்தது. ‘குடலாக இருக்குமோ’ என்ற ஐயத்தில் மூன்றாவது முறை கொலோனோஸ்கோபி செய்ய நினைத்திருந்த முதியவர் ஒருவருக்கு, அந்தப் பட்டியலைப் பார்த்து அதைக் கைவிட்டோம்.

சொல்வதைச் சரியாகச் சொல்கிறதா என்பது அடுத்த கேள்வி. தொடக்கம் தெரிந்த 790 கட்டிகளை, விடையை மறைத்துவைத்துச் சோதித்த, பல மையங்களில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், கட்டியின் முதன்மை வகையை 87 விழுக்காடு சரியாகச் சொன்னது. விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். இது உண்மையான எண். ஆனால் தொடக்கம் தெரிந்த கட்டிகளில் பெற்ற எண். தொடக்கம் தெரியாதவரின் கட்டி பல விதங்களில் வேறுபட்டது, பெரும்பாலும் முதிர்ச்சியற்றது, ஊர்ப்பேச்சை அதிகம் இழந்தது. அங்கே சரிபார்க்க விடைத்தாள் இல்லை. இதற்கு ஒரு நல்ல வழியை டென்னசியின் நாஷ்வில்லில் கிரெக்கோ குழுவினர் கண்டார்கள். முதலில் தொடக்கம் தெரியாமல் இருந்து, மாதங்கள் கழித்து அது வெளிப்பட்ட நோயாளிகளின் பழைய பயாப்சிகளைத் தேடி எடுத்து, விடையைச் சொல்லாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கிடைத்த 20 பேரில் 15 பேருக்குச் சோதனை சரியாகச் சொல்லியிருந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனாலும் 87ஐவிட இந்த நான்கில் மூன்று என்ற கணக்கையே நான் நோயாளிகளிடம் சொல்கிறேன், ஏனெனில் அவர்களுடைய நிலைமையில் எடுக்கப்பட்ட கணக்கு இதுதான்.

இந்தச் சோதனைக்கு முன்னால் எங்கள் மேசையிலேயே நடக்கும் ஒன்று இருக்கிறது. ஐஎச்சி எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் சாயச் சோதனையில், திசுவின் மெல்லிய சீவலில் குறிப்பிட்ட புரதம் இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். டிடிஎஃப்-1 என்ற புரதத்துக்கு நிறம் ஏறினால் நுரையீரலையோ தைராய்டையோ நினைக்கிறோம். சிடிஎக்ஸ்-2உம் சிகே-20உம் ஏறி சிகே-7 ஏறாவிட்டால் பெருங்குடல். காட்டா-3 மார்பகத்தையோ சிறுநீர்ப்பையையோ சுட்டும். பாக்ஸ்-8 சிறுநீரகம், தைராய்டு, சினைப்பை ஆகியவற்றின் பக்கம் கைகாட்டும். மார்க்கர் எனப்படும் இந்த அடையாளப் புரதங்கள் ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்குகள் உண்டு என்பதால் நான்கைந்தைச் சேர்த்து வாசிக்கிறோம். 122 பரவிய கட்டிகளில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில் 92 மரபணுச் சோதனை 79 விழுக்காடும் சாயச் சோதனை 69 விழுக்காடும் சரியாக இருந்தன. இந்தப் பத்து விழுக்காடு மெய்யான மேம்பாடு; முதிர்ச்சியற்ற கட்டிகளில் அதன் அருமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் சாயச் சோதனையை அரைகுறையாகச் செய்துவிட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்புவதை இந்த எண் நியாயப்படுத்தாது.

இதை நான் என் தவற்றிலிருந்தே கற்றேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு எலும்பிலும் நெஞ்சுக்கூட்டின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் கட்டிகள். வயிற்று ஸ்கேனில் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதின்றித் தெரிந்தன. நுரையீரல், குடல், புராஸ்டேட் என்று வரிசையாக மார்க்கர்களைப் போட்டேன்; சிறுநீரகத்தில் கட்டி இல்லையே என்ற எண்ணத்தில் பாக்ஸ்-8 போடவில்லை. மரபணுச் சோதனை சிறுநீரகம் என்று தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சொன்னது. அதன்பிறகு மிச்சமிருந்த சீவலில் பாக்ஸ்-8 போட்டேன். முழுமையாக நிறம் ஏறியது. பொதுவான கீமோவைச் சிறுநீரகப் புற்று ஏறக்குறைய கேட்பதே இல்லை என்பதால் அவருக்கு மருந்து முழுவதும் மாறியது. நோயெதிர்ப்பு மருந்தும், இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரையும் தொடங்கப்பட்டன. எலும்பு வலி குறைந்து அவர் மறுபடி நடமாடினார். சோதனை தன் பெருமையைக் காட்டிய நேரம் அது. அதே சமயம், அந்தக் குடும்பம் காத்திருந்த வாரங்களையும் செலவிட்ட பணத்தையும் ஒரே ஒரு சாயம் மிச்சப்படுத்தியிருக்கும். அன்றிலிருந்து, ஸ்கேன் என்ன சொன்னாலும், பாக்ஸ்-8 இல்லாமல் நான் இத்தகைய அறிக்கையை முடிப்பதில்லை.

இனி, வாங்குவோருக்கு மிக முக்கியமான பகுதி. சரியான பெயரைச் சொல்வதும் நோயாளியை நெடுநாள் வாழவைப்பதும் வேறுவேறு. சாரா கேனன் ஆய்வு நிலையத்தின் ஹைன்ஸ்வொர்த் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சோதனை சுட்டிய உறுப்புக்கேற்ற மருந்து பெற்ற 194 பேரின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப்பேர் கடந்த காலம், 12.5 மாதம். மருந்துக்கு நன்கு இணங்கும் வகை என்று சுட்டப்பட்டவர்கள் 13.4 மாதமும், இணங்காத வகையினர் 7.6 மாதமும் வாழ்ந்தார்கள். இது நம்பிக்கை தந்தது. ஆனால் ஒப்பிட மறுகுழு இல்லாத ஆய்வு. மறுகுழுவோடு ஜப்பானில் 130 பேரைக் கொண்டு ஹயாஷி குழுவினர் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. அது வேறொரு மரபணு வெளிப்பாட்டுச் சோதனையைப் பயன்படுத்தியது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர், உறுப்புக்கேற்ற மருந்து பெற்ற குழுவில் 44.0 விழுக்காடு, பொதுவான கீமோ பெற்ற குழுவில் 54.9 விழுக்காடு. இந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் தேறவில்லை என்றாலும், சோதனை மேம்பட்டது என்று சொல்ல அதில் எதுவுமில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் கேன்சர்டைப் ஐடியையே கொண்டு 243 பேரிடம் நடத்திய ஜெஃப்காப்பி-04 ஆய்வும், இடைநிலை வாழ்நாள் உறுப்புக்கேற்ற மருந்துக் குழுவில் 10.7, பொதுவான கீமோக் குழுவில் 10.0 மாதம் என்று ஏறக்குறைய சமமாக முடிந்தது.

இந்த இரண்டையும் காட்டி, சோதனை வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. ஜெஃப்காப்பி-04இல் சோதனை அதிகமாகச் சுட்டிய பெயர் கணையம், பித்தநாளம். அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த பொதுவான கீமோ ஜெம்சிடாபினும் சிஸ்பிளாட்டினும். அன்று பித்தநாளப் புற்றுக்கு முறையான மருந்தே அந்த இரண்டும்தான். ஆகவே அந்த நோயாளிகளுக்குச் சோதனை சரியாகச் சொன்னாலும் கையில் ஏறும் மருந்து மாறப்போவதில்லை. மாறாத மருந்தால் வாழ்நாள் மட்டும் எப்படி மாறும்? அன்றைய உறுப்புவாரி மருந்துகளே அத்தனை வலிமையானவை அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகப் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு இந்த வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. 182 பேரிடம், 90 மரபணுக்கள் கொண்ட இன்னொரு சோதனையை வைத்து நடத்தியதில், நோய் மீண்டும் வளராமல் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் உறுப்புக்கேற்ற மருந்துக் குழுவில் 9.6 மாதம், பொதுவான கீமோக் குழுவில் 6.6 மாதம். இடைப்பட்ட ஆண்டுகளில், குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகளும் நோயெதிர்ப்பு மருந்துகளும் பெருகியிருந்தன. பெயர் தெரிவதால் அடையக்கூடிய மருந்துகள் வேறாகியிருந்தன. மூன்று மாதம் சிறிய காலம் என்று வெளியிலிருந்து தோன்றலாம். மகளின் திருமணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒருவரை அறிந்த என்னால் அதைச் சிறிது என்று எழுத முடியவில்லை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொடக்க உறுப்பைக் கண்டுபிடிக்க மரபணு வெளிப்பாட்டுச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எழுதியது. அன்றிருந்த சான்றுகளுக்கு அது நேர்மையான முடிவு. இன்று நான் அந்த அளவுக்குக் கதவை அடைக்க மாட்டேன்.

ஆனால் பெயர் தெரிந்தும் மருந்து மாறாத நிலையை நான் நேரிலேயே பார்த்தேன். கல்லீரல் முழுவதும் கட்டிகளோடு வந்த ஒரு பெண்மணிக்கு, பித்தநாளம் அறுபது விழுக்காடு, கணையம் முப்பதுக்கு அருகில் என்று அறிக்கை வந்தது. ஸ்கேனையும் சாயங்களையும் வைத்து அனுப்புவதற்கு முன்பே நாங்கள் ஊகித்திருந்ததும் அதுவே. புற்றுநோய் மருத்துவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த மருந்துச் சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அமெரிக்காவில் இதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். அந்தச் செலவை ஏற்க அவருடைய மகன் கடன் வாங்கியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ‘இந்தச் சோதனையில் வரக்கூடிய விடைகளில் எவையெவை நம் மருந்தை மாற்றும்?’ என்று அனுப்புவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு, அவர் இரண்டு மூன்று பெயர்களையாவது தெளிவாகச் சொன்னால் மட்டுமே பணத்தைக் கட்டுங்கள் என்று இப்போது ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொரு குறை சோதனையைச் சேர்ந்ததன்று. ஆனால் வாங்குபவர் அனுபவிப்பது. பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து வைக்கும் சிறு கட்டியை நாங்கள் பிளாக் என்கிறோம். ஊசி பயாப்சியில் கிடைப்பது நூல் தடிமனுள்ள இரண்டு மூன்று துணுக்குகள். முதலில் ஒரு மருத்துவமனையில் பத்து மார்க்கர், கருத்துக் கேட்கப் போன இடத்தில் மீண்டும் அதே பத்து மார்க்கர் என்று சீவிச் சீவி, மரபணுச் சோதனைக்குப் போகும்போது பிளாக்கில் மெழுகு மட்டுமே மிஞ்சியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ‘திசு போதவில்லை’ என்ற அறிக்கை வந்தால் மறுபடி பயாப்சி. தளர்ந்துபோன உடம்பில் அது எளிதன்று. ஏற்கெனவே போட்ட ஸ்லைடுகளைக் கையோடு வாங்கிச் சென்று அடுத்த இடத்தில் காட்டினால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இதே பணத்துக்கு வேறென்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டி எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, எந்த மரபணு மாற்றத்தால் வளர்கிறது என்று நூற்றுக்கணக்கான மரபணுக்களை வாசிக்கும் சோதனைகள் இருக்கின்றன. கப்பிஸ்கோ என்ற பன்னாட்டு ஆய்வில், முதல் மூன்று சுற்றுக் கீமோவில் நோய் கட்டுப்பட்ட 436 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு அவர்களுடைய மரபணு மாற்றத்துக்கேற்ற இலக்கு மருந்தோ நோயெதிர்ப்பு மருந்தோ கொடுத்தார்கள். நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் அக்குழுவில் 6.1 மாதம், கீமோவைத் தொடர்ந்தவர்களில் 4.4 மாதம். உறுப்பு எதுவானாலும் குறிப்பிட்ட மரபணுக் குறையுள்ள கட்டிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் ஒப்புதல் அளித்ததும், தொடக்கம் தெரியாத புற்றுக்கென்றே ஜப்பான் 2021இல் அதே வகையைச் சேர்ந்த நிவோலுமாபை ஏற்றதும் இந்தத் திசையில் நடந்தவை. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணமும் திசுவும் இருக்கிறது என்றால், இன்று நான் இந்த இரண்டாவது வகையையே முதலில் பரிந்துரைப்பேன். மரபணுக்களின் விழிப்பு உறக்கத்தோடு தொடர்புடைய, டிஎன்ஏவில் பதியும் மெத்திலேற்றக் குறிகளை வாசிக்கும் எபிகப் சோதனை ஸ்பெயினிலிருந்து 2016இல் வந்தது; 216 நோயாளிகளில் 87 விழுக்காட்டினருக்கு ஓர் உறுப்பைச் சுட்டியது. சாதாரண ஸ்லைடின் படத்திலிருந்தே உறுப்பை ஊகிக்கும் டோட் என்ற செயற்கை நுண்ணறிவு முறை 2021இல் வெளியானது. தொடக்கம் தெரிந்த கட்டிகளில் அதன் முதல் ஊகம் 83 விழுக்காடு சரி. திசுவைச் செலவிடாத முறை என்பதால் அதன் வளர்ச்சியை ஆவலோடு கவனிக்கிறேன்.

யார் இந்தச் சோதனைக்கு அவசரப்படக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அக்குளில் மட்டும் கட்டி உள்ள பெண்ணுக்கு மேமோகிராமும் மார்பக எம்ஆர்ஐயும் முதலில். அவை ஒன்றும் காட்டாவிட்டாலும் மார்பகப் புற்றாகவே கருதி மருத்துவம் செய்யும் வழி நிலைபெற்றிருக்கிறது. எலும்பு அடர்ந்து தெரியும் பரவலுள்ள ஆணுக்கு முதலில் இரத்தத்தில் புராஸ்டேட்டைச் சுட்டும் பிஎஸ்ஏ சோதனை போதும். கழுத்துக் கணுவில் செதில் உயிரணுப் புற்று என்றால் பெட் ஸ்கேனும், பி-16 சாயமும், தொண்டையையும் அடிநாக்கையும் டான்சிலையும் நேரில் பார்க்கும் பரிசோதனையுமே வழிகாட்டும். உடலின் நடுக்கோட்டில், நெஞ்சிலோ வயிற்றின் பின்புறத்திலோ, பெரிய கட்டியோடு வரும் இளைஞருக்கு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி ஆகிய இரண்டு இரத்தச் சோதனைகள் அன்றே செய்யப்பட வேண்டும். விந்தணு, சினைமுட்டை ஆகியவற்றின் மூல உயிரணுக்களிலிருந்து தோன்றும் கருவணுக் கட்டி என்றால் அது முழுமையாகக் குணமாகக்கூடியது. அவருக்கு ஒரு மரபணு அறிக்கைக்காக வாரங்கள் காத்திருப்பது ஆபத்து.

இவை எல்லாம் முறையாக முடிந்து, சாயங்கள் இரண்டு மூன்று உறுப்புகளுக்கு நடுவே தயங்கி நின்று, அவற்றில் ஒன்றுக்காவது மருந்து வேறாக இருந்து, நோயாளியின் உடல் அந்த மருந்தைத் தாங்கும் நிலையில் இருந்தால், 92 மரபணுச் சோதனை கொடுக்கும் பணத்துக்கு உண்மையான பயன் தரும். அப்படி அனுப்பும்போது எந்தப் பிளாக்கில் கட்டி அதிகம் இருக்கிறது என்று திசுநோயியல் மருத்துவரிடமே குறித்து வாங்குங்கள். அறிக்கை வந்தபின் பிளாக்கின் மிச்சத்தைத் தவறாமல் திருப்பிக் கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து மருத்துவர் வேறொரு மருந்தை யோசிக்கும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.